எண்ணைச் சரமாக்கும் இடத்தில் ஸ்கிரிப்ட் திணறுகிறது: எப்படி வேகப்படுத்துவது?

நெடுவழி:

வணக்கம் நண்பர்களே. பைத்தானில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். உணரிகளிலிருந்து வரும் அளவீடுகளை வாசித்து, கணக்குப் போட்டு, காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாக எழுதுகிறது. வரிகள் லட்சக்கணக்கில். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரக்குறி, இரண்டு முழு எண்கள், ஆறேழு பின்ன எண்கள்.

கணக்குப் பகுதி முழுவதும் நம்பை லைப்ரரியில் ஓடுவதால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு கோப்பு எழுதி முடியும்வரை காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. எந்த வரியில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் ப்ரொஃபைலரை ஓட்டிப் பார்த்ததில், பெரும்பங்கு நேரம் எண்ணைச் சரமாக (எழுத்து வரிசையாக) மாற்றும் வரிகளில்தான் போகிறது. வட்டின் மீது சந்தேகம் வந்து, கோப்பில் எழுதாமல் சரத்தை மட்டும் உருவாக்கிவிட்டுப் போகும்படி மாற்றியும் பார்த்தேன். நேரம் அசையவில்லை.

பத்தால் வகுத்து, மீதியை எடுத்து, இலக்கம் இலக்கமாக அடுக்கும் ஃபங்ஷனை நானே எழுதிக்கொண்டால் பலன் இருக்குமா? எனக்கு மூன்று தசம இடம் போதும். எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்ட உள்ளமைந்த வழியைவிட அது குறைந்த வேலைதானே?

கரிசல்:

பைத்தானுக்குள் அதை எழுத வேண்டாம். ஸ்கிரிப்ட் மொழியில் ஒரு வகுத்தல் என்பது வெறும் வகுத்தல் அல்ல. இன்டர்ப்ரெட்டர் கட்டளையைப் படிக்க வேண்டும், இரு பக்கமும் என்ன வகை என்று பார்க்க வேண்டும், விடைக்குப் புதிய பொருளை நினைவகத்தில் உருவாக்க வேண்டும், பழையதை விடுவிக்க வேண்டும். ஆறு இலக்க எண்ணுக்கு இது ஆறு முறை. உள்ளமைந்த மாற்றி இதே வேலையைச் சி மொழியில், ஒரே அழைப்பில் முடித்துவிடுகிறது. அதுவும் பத்துப் பத்தாக வகுப்பதில்லை. சிபைத்தான் (நாம் வழக்கமாக ஓட்டும் பைத்தான்) முழு எண்ணை முதலில் நூறு கோடி அடிமானத்துக்கு மாற்றி, ஒன்பது ஒன்பது இலக்கங்களாகப் பிரித்துக்கொண்டு, அப்புறம்தான் ஒவ்வொரு இலக்கமாக உரிக்கிறது. அந்த உரிப்பில் வரும் "பத்தால் வகு" என்பதைக்கூடக் கம்பைலர் வகுத்தலாக விட்டுவைக்காது. மாறிலியால் வகுப்பதைப் பெருக்கலும் பிட் நகர்த்தலுமாக மாற்றும் முறையைக் கிரான்லண்ட், மான்ட்காமரி இருவரும் 1994-இல் எழுதிய கட்டுரை விளக்கியது. இன்றைய கம்பைலர்கள் எல்லாம் அதைக் கேட்காமலே செய்கின்றன. இதோடு ஸ்கிரிப்டில் எழுதிய லூப் போட்டி போட முடியாது.

ஆனால் உங்கள் நேரம் உண்மையிலேயே இலக்கக் கணக்கில்தான் போகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம். உள் லூப்பில் என்னென்ன நடக்கிறது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.

நெடுவழி:

நம்பை அணியை வரிசை வரிசையாகச் சுற்றுகிறேன். ஒவ்வொரு மதிப்பையும் ரவுண்ட் ஃபங்ஷனால் மூன்று இடத்துக்கு முழுமைப்படுத்துகிறேன். பிறகு சரமாக மாற்றி, காற்புள்ளி சேர்த்து, வரியின் சரத்தோடு கூட்டல் குறியால் ஒட்டுகிறேன். வரி முடிந்ததும் கோப்பில் எழுதுகிறேன். நேரக்குறியை மட்டும் தேதி நூலகத்தின் வடிவமைப்பு ஃபங்ஷன் தருகிறது.

கரிசல்:

நினைத்தபடிதான். பைத்தானின் சாதாரணப் பின்ன எண்களாக இருந்தால், இந்த மாதிரி லூப்பில் ஒவ்வொரு எண்ணும் ஒரு முறை அல்ல, இரண்டு முறை தசமமாக மாற்றப்படுகிறது. நடுவில் ஒரு முறை திரும்ப இரும எண்ணாகவும் ஆகிறது.

காரணம் ரவுண்ட். "மூன்று இடத்துக்கு முழுமைப்படுத்து" என்றால் ஆயிரத்தால் பெருக்கி, முழுமையாக்கி, ஆயிரத்தால் வகுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் சில எண்களுக்கு விடை தப்பும் என்பதால் சிபைத்தான் அந்த வழியில் போவதில்லை. எண்ணை மூன்று தசம இடம் கொண்ட இலக்க வரிசையாக மாற்றி, அந்த எழுத்துகளை மறுபடி வாசித்து மிதவை எண்ணாக்கி (கணினி பின்ன எண்ணைச் சேமிக்கும் இரும வடிவம்) திருப்பித் தருகிறது. அதை வாங்கி நீங்கள் உடனே சரமாக்குகிறீர்கள்; அப்போது "இந்த எண்ணைத் தவறாமல் குறிக்கும் மிகச் சிறிய தசமம் எது" என்ற தேடல் வேறு ஆரம்பிக்கிறது. மூன்று இடம் கேட்கும் வடிவக் குறியை நேராகக் கொடுத்தால் முதல் மாற்றத்தோடு கதை முடிந்தது. ரவுண்டை எடுத்துவிடுங்கள். ஒரே வித்தியாசம்: 2.5 என்று வந்த இடத்தில் இனி 2.500 என்று வரும்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியதாக இருக்கலாம். நம்பை அணியை நேரடியாகச் சுற்றினால் கைக்கு வருவது பைத்தானின் சாதாரண மிதவை எண் அல்ல. நம்பையின் தனி வகைப் பொருள். ஒவ்வொன்றையும் அது அந்தந்த இடத்தில் உருவாக்கித் தர வேண்டும். அதைச் சரமாக்கும்போது ஓடுவதும் வேறு வழி: 2018-இல் வெளிவந்த 1.14 பதிப்பிலிருந்து நம்பை டிராகன்4 என்ற பெரிய முழு எண் கணக்கு முறையைப் பயன்படுத்துகிறது. விடை சரியாக இருக்கும், வேகம் இருக்காது. லூப்புக்கு முன்பே டூலிஸ்ட் என்று ஓர் அழைப்பு விடுத்தால் அணி முழுவதும் ஒரே மூச்சில் பைத்தானின் சொந்த எண்களாகிவிடும்.

மூன்றாவது, வரிக்கு ஒரே வடிவ வார்ப்பு. வரியின் எல்லா மதிப்புக்கும் சேர்த்து ஒரே வடிவச் சரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, வரிசையை டியூப்பிளாக (மதிப்புகளின் ஒரே தொகுப்பாக) கொடுங்கள். மதிப்புக்கு ஓர் அழைப்பும் ஓர் ஒட்டலும் என்றிருந்தது ஒரே அழைப்பாகிவிடும். உருவான வரிகளைப் பட்டியலில் சேர்த்து, சில ஆயிரம் சேர்ந்ததும் ஜாயின் செய்து ஒரே முறையில் எழுதுங்கள்.

சிறுகல்:

நம்பையிலேயே சேவ்டெக்ஸ்ட் இருக்கிறதே, அதைக் கூப்பிட்டால் போதாதா?

கரிசல்:

வசதிக்குப் போதும், வேகத்துக்குப் போதாது. அதன் உள்ளே நடப்பதும் பைத்தான் லூப்தான்: ஒவ்வொரு வரிசையாக எடுத்து டியூப்பிளாக்கி வடிவச் சரத்தில் போட்டு எழுதுகிறது. நாம் மேலே சொன்னதையே அதுவும் செய்கிறது, டூலிஸ்ட் இல்லாமல்.

அடிமானம்:

கரிசல் தொட்டுவிட்டுப் போன "மிகச் சிறிய தசமம்" என்ற தேடலைப் பற்றி ஒரு வார்த்தை. மெதுவின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

முழு எண்ணைத் தசமத்தில் எழுதுவது எளிது. மிதவை எண் அப்படி அல்ல. 0.1 என்று நாம் எழுதுவதை இரும வடிவில் துல்லியமாகச் சேமிக்கவே முடியாது. அதற்கு மிக அருகிலிருக்கும் இரும எண்தான் நினைவகத்தில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதும்போது 0.1 என்று எழுத வேண்டுமா, 0.10000000000000001 என்று எழுத வேண்டுமா? இரண்டையும் வாசித்தால் அதே இரும எண்தான் கிடைக்கும். சின்னதே நல்லது என்று முடிவெடுத்தால், "அக்கம்பக்கத்து எண்ணோடு குழம்பாத மிகக் குறைந்த இலக்கம் எத்தனை" என்று ஒவ்வொரு எண்ணுக்கும் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டீல், ஒயிட் இருவரும் 1990-இல் இதற்கு முறையான வழி சொன்னார்கள். அதே ஆண்டில் டேவிட் கே எழுதிய நிரல் இன்றுவரை பல மொழிகளின் அடியில் ஓடுகிறது. 2009-இல் வந்த பைத்தான் 3.1 அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் பைத்தானின் உரையாடல் திரையில் 0.1 என்று அடித்தால் 0.1 என்றே வரத் தொடங்கியது.

அந்த வழிகளில் கடினமான எண்கள் வந்தால் பெரிய முழு எண்களை வைத்துப் பெருக்கி வகுக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் 2010-இல் ஃப்ளோரியன் லாய்ட்ஷ் கிரிசு முறையைக் கொண்டுவந்தார். 64 பிட்டுக்குள்ளேயே கணக்கை முடிக்கப் பார்க்கும். கிரிசு3 என்ற வடிவத்தில் ஏறக்குறைய 0.5 சதவீத எண்களுக்கு மட்டும் "என்னால் உறுதி சொல்ல முடியவில்லை" என்று பழைய வழிக்கு அனுப்பிவிடும். 2018-இல் உல்ஃப் ஆடம்ஸ் தந்த ரியூவில் அந்தத் திருப்பி அனுப்பலும் இல்லை. ஜாவாவுக்கு ரஃபாயெல்லோ ஜூலியெட்டியின் ஷுப்ஃபாக் முறை ஜேடிகே 19-இல் வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம்: முப்பது ஆண்டுகளாகத் தேர்ந்த கைகள் செதுக்கிய இடம் இது. ஸ்கிரிப்டின் பக்கத்திலிருந்து இலக்கக் கணக்கை வெல்லப் பார்ப்பது வீண். எத்தனை முறை கேட்கிறோம், எவ்வளவு இலக்கம் கேட்கிறோம், கேட்காமலே தப்பிக்க முடியுமா, இந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன. ஆதாயம் முழுவதும் அங்கேதான்.

சிறுகல்:

மூன்று இடம் போதும் என்னும்போது நான் வேறொரு வழி வைத்திருக்கிறேன். எண்ணை ஆயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக்குவேன். ஆயிரத்தால் வகுத்தால் ஈவு முழுப்பகுதி, மீதி பின்னப்பகுதி. இரண்டையும் முழு எண்ணாகச் சரமாக்கி நடுவில் புள்ளி வைத்தால் முடிந்தது. மிதவை எண்ணின் சிக்கலே வராது. முழு எண் மாற்றம் எப்போதும் வேகம்தான்.

அடிமானம்:

இந்த வழிக்கு இடம் உண்டு. மிதவை எண் வடிவமைப்பு உருப்படியாக இல்லாத சிறு கருவிகளிலும், சில பொதிந்த ஸ்கிரிப்ட் மொழிகளிலும் இதுதான் வழி. ஆனால் நான்கு பள்ளங்கள் இருக்கின்றன. இதைப் பயன்படுத்தும் எந்த நிரலைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

3.007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஈவு 3, மீதி 7. நடுவில் புள்ளி வைத்தால் 3.7 என்று வரும். மீதியை எப்போதும் மூன்று இலக்கமாக, முன்னால் சுழியம் நிரப்பித்தான் எழுத வேண்டும்.

அடுத்தது எதிர்மறை எண்கள். பைத்தானிலும் லுவாவிலும் முழு எண் வகுத்தல் கீழ்நோக்கி முழுமையாகும். -1500-ஐ ஆயிரத்தால் வகுத்தால் ஈவு -2, மீதி 500. -1.5 என்ற எண் -2.500 என்று அச்சாகிவிடும். சி மொழியில் சுழியத்தை நோக்கி முழுமையாகும், மீதியும் எதிர்மறையாக வரும்; மீதியின் குறியை நீக்கினால் -1.5 தப்பித்துவிடும், ஆனால் -0.5 வரும்போது ஈவு வெறும் 0, குறி போய்விடும். எனவே குறியைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, தனிமதிப்பில்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது நுட்பமானது. 2.675 என்று எழுதினால் நினைவகத்தில் இருப்பது 2.67499999999999982... என்ற எண். இரண்டு இடத்துக்கு வடிவக் குறி சரியாகவே 2.67 என்று தரும். நீங்கள் நூறால் பெருக்கும்போது அந்தச் சின்னக் குறைவு முழுமைப்படுத்தலில் கரைந்து, துல்லியமாக 267.5 ஆகிவிடுகிறது, அதை முழுமையாக்கினால் 268, அச்சில் 2.68. எது "சரி" என்று வாதாடலாம். ஆனால் அதே கோப்பின் பாதியை ஒரு வழியிலும் மீதியை மற்றொரு வழியிலும் எழுதினால் ஒப்பிடும்போது தலைவலி நிச்சயம்.

நான்காவது, மிகப் பெரிய எண், முடிவிலி, எண்-அல்ல என்ற மதிப்பு ஆகியவை வந்தால் என்ன செய்வது என்று நீங்களே தனியாக எழுத வேண்டும்.

இத்தனையையும் பைத்தானில் சரிபார்த்து முடித்த பிறகு வேகம் மிஞ்சுமா என்றால், மிஞ்சாது. ஒரு எண்ணுக்கு ஐந்தாறு இன்டர்ப்ரெட்டர் கட்டளைகள் கூடிவிடும்.

தரவுக்காவல்:

வேகம், வேகம் என்று எல்லாரும் பேசுகிறீர்கள். மூன்று இடத்தில் வெட்டுவதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையே? அளவீட்டுத் தரவை ஒருமுறை வெட்டி எழுதினால் போனது போனதுதான். இரட்டைத் துல்லிய (64 பிட்) எண்ணை இழப்பில்லாமல் எழுத 17 இலக்கம் போதும், ஒற்றைத் துல்லியத்துக்கு (32 பிட்) 9 போதும். நாளைக்கு ஒருவர் இந்தக் கோப்பை வாசித்து வித்தியாசங்களின் சராசரியை எடுக்கும்போது, நாலாவது இடத்தில் இருந்த தகவல் இல்லாமல் தவறான முடிவுக்கு வருவார். ஸ்கிரிப்ட் கொஞ்சம் மெதுவாக ஓடட்டும். தரவு முழுதாக இருக்கட்டும் என்பதுதான் என் நிலை.

கரிசல்:

கவலை நியாயமானது, ஆனால் கேள்வியை ஒரு படி முன்னால் வைக்க வேண்டும். அந்த உணரி எத்தனை இலக்கத்துக்கு உண்மை பேசுகிறது? 12 பிட் மாற்றியிலிருந்து (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சில்லு) வரும் அளவு என்றால் அதில் மொத்தமே 4096 படிகள்தான். அதை வோல்ட்டாக மாற்றிய பிறகு 17 இலக்கத்தில் எழுதினால், கடைசிப் பன்னிரண்டு பதின்மூன்று இலக்கங்கள் நம் பெருக்கலின் தடம், அளவீடு அல்ல. ஒவ்வொரு வரியிலும் அந்த வெற்று இலக்கங்களை உருவாக்கவும் எழுதவும் பிறகு வாசிக்கவும் நேரம் செலவாகிறது. நெடுவழி, உங்கள் எண்கள் எங்கிருந்து வருகின்றன?

நெடுவழி:

நான்கு நெடுவரிசைகள் 12 பிட் மாற்றியிலிருந்து நேராக வந்து, ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் மட்டும் ஆனவை. மற்ற மூன்றும் அவற்றை வைத்துக் கணக்கிட்டவை. அணி முழுவதும் ஒற்றைத் துல்லியம்.

கரிசல்:

அப்படியானால் அந்த நான்கு நெடுவரிசைகளுக்கு மாற்றமே தேவையில்லை!

மாற்றியின் மூல எண் 0 முதல் 4095 வரைதான். ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே 4096 சரங்கள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கிவிடுங்கள்: ஒவ்வொரு மூல எண்ணுக்கும் வோல்ட் மதிப்பு, தேவையான இலக்கத்தோடு, பக்கத்தில் காற்புள்ளியும் சேர்த்து. லூப்பில் மூல எண்ணை வைத்துப் பட்டியலிலிருந்து எடுத்தால் போதும். லட்சக்கணக்கான மாற்றங்கள் 4096 ஆகச் சுருங்கிவிடும். தரவுக்காவலுக்கும் மனக்குறை வேண்டாம். பட்டியலில் எத்தனை இலக்கம் வைத்தாலும் லூப்பின் வேகம் ஏறக்குறைய மாறாது.

இதே உத்தி படங்களுக்கும் பொருந்தும். உரை வடிவ பிபிஎம் கோப்பு எழுதும் ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று முறை எண்ணைச் சரமாக்குகின்றன. வழக்கமான கோப்பில் இருக்கக்கூடியதோ 0 முதல் 255 வரை 256 எண்கள்தான்.

அடிமானம்:

ஒற்றைத் துல்லியம் என்று சொன்னதால் ஓர் எச்சரிக்கை. டூலிஸ்ட் செய்யும்போது ஒற்றைத் துல்லிய எண் பைத்தானின் இரட்டைத் துல்லிய எண்ணாக விரிகிறது. மதிப்பு மாறாது, ஆனால் சும்மா சரமாக்கினால் 0.1 இருந்த இடத்தில் 0.10000000149011612 என்று நீண்டு வரும். இரட்டைத் துல்லியத்தின் கண்ணில் அதுதான் அந்த எண்ணின் மிகச் சிறிய வடிவம். கோப்பும் பெருக்கும், நேரமும் போகும், வாசிப்பவரும் மிரண்டு போவார். கணக்கிட்ட மூன்று நெடுவரிசைகளை இழப்பில்லாமல் வைக்க வேண்டுமானால் 9 முக்கிய இலக்கம் கேட்கும் வடிவக் குறியைக் கொடுங்கள். போதும்.

குழாய்வழி:

நேரக்குறியை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். பல ஸ்கிரிப்டுகளில் அதுதான் ஒரு வரியிலேயே விலை அதிகமான துண்டு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று ஆறு எண்களைப் பிரித்து, சுழியம் நிரப்பி, சேர்க்க வேண்டும். நொடிக்கு நூறு அளவீடு வந்தால் நூறு வரிகளிலும் அந்த ஆறும் ஒன்றேதான். கடைசியாக வடிவமைத்த நொடியையும் அதன் சரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நொடி மாறினால் மட்டும் புதிதாக வடிவமைத்து, மற்ற நேரங்களில் மில்லிநொடியை மட்டும் ஒட்டுங்கள். அந்த மில்லிநொடிக்கும் 000 முதல் 999 வரை ஆயிரம் சரங்களை முன்பே செய்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, பைத்தானைத் தாண்டி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு. பேஷில் எண்ணுக்கு முன்னால் சுழியம் நிரப்ப, டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு உள்ளே பிரிண்ட்எஃப் எழுதுவது வழக்கம். அந்த அடைப்புக்குறி ஒவ்வொரு முறையும் ஒரு துணை ஷெல்லைக் கிளப்புகிறது. எண்ணை மாற்றுவது நுண்நொடி வேலை. அதற்காக ஒரு புதிய செயல்முறையைத் தொடங்கி முடிப்பது அதைப்போலப் பல மடங்கு. பிரிண்ட்எஃப் கட்டளைக்கு வி என்ற விருப்பம் உண்டு: விடையை நேராக ஒரு மாறியில் வைத்துவிடும், துணை ஷெல் கிடையாது. பின்னக் கணக்குக்கு ஒவ்வொரு வரிக்கும் பிசி (bc) என்ற கணக்கு நிரலை அழைப்பதும் இதே கதைதான். முழு ஓட்டத்தையும் ஒரே ஆக் (awk) நிரலுக்குள் தள்ளிவிடுங்கள். ஆக்கில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பின்ன எண்களை அச்சிடவும் சரமாக்கவும் அது இயல்பாக ஆறு முக்கிய இலக்கங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். வேண்டிய வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் மீதி இலக்கங்கள் சத்தமில்லாமல் போய்விடும்.

சட்டகம்:

இதே தொல்லை எனக்கு லுவாவில் இருக்கிறது. விளையாட்டு நிரல். திரையில் மதிப்பெண், உயிர், நேரம் என்று ஏழெட்டு எண்கள். ஒவ்வொரு சட்டகத்திலும் எல்லாவற்றையும் சரமாக்கி வரைகிறேன். சராசரி வேகம் பரவாயில்லை, ஆனால் அவ்வப்போது ஒரு சட்டகம் தடுக்கிக்கொண்டு நிற்கிறது.

அடிமானம்:

தடுக்கி நிற்பது என்றால் மாற்றும் வேகத்தைவிட அது விட்டுச்செல்லும் குப்பைதான் காரணமாக இருக்கும். லுவாவில் 40 எழுத்துக்கு உட்பட்ட சரங்கள் எல்லாம் ஒரு பொது ஹாஷ் அட்டவணையில் சேர்க்கப்படுகின்றன. எண்ணைச் சரமாக்கினால் ஹாஷ் கணக்கிட வேண்டும், அட்டவணையில் தேட வேண்டும், இல்லையென்றால் புதிதாகச் சேர்க்க வேண்டும். அடுத்த சட்டகத்தில் அந்தச் சரம் யாருக்கும் வேண்டாம். இவை குவிந்து, குப்பை சேகரிப்பி வேலைக்கு வரும்போது உங்கள் சட்டகம் திணறுகிறது.

மதிப்பு மாறினால் மட்டும் சரமாக்குங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் கடைசி மதிப்பையும் அதன் சரத்தையும் வைத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்த்து, மாறாவிட்டால் பழையதையே வரையுங்கள். மதிப்பெண் ஒரு நொடியில் இரண்டு முறை மாறலாம். அறுபது முறை மாறாது. நேரத்தைப் பத்தில் ஒரு நொடி வரை மட்டும் காட்டுவதானால், பத்தால் பெருக்கிய முழு எண் மாறும்போது மட்டும் சரமாக்கினால் போதும். துண்டுகளை இரட்டைப் புள்ளியால் ஒவ்வொன்றாக ஒட்டும் லூப் இருந்தால் அதை டேபிள் கான்கட்டுக்கு மாற்றுங்கள். இடைப்பட்ட சரங்கள் பிறக்காது. லுவாஜிட்டில் ஓடுகிறதென்றால் அதன் சர பஃபர் லைப்ரரி எண்ணை நேராகவே பஃபருக்குள் எழுதும், நடுவில் தனிச் சரம் தேவையில்லை.

ஒரு கூடுதல் தகவல். பெர்ல் இந்த நினைவில் வைக்கும் வேலையைத் தானே செய்கிறது: எண்ணாக இருக்கும் மாறியைச் சரமாகப் பயன்படுத்தினால், அந்தச் சரத்தையும் மாறியோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். டிசிஎல் மொழியிலும் 8.0 பதிப்பிலிருந்து இதே போன்ற இரட்டை வடிவம் உண்டு. ஆனால் ஒரே மாறியை ஒரு வரியில் எண்ணாகவும் அடுத்த வரியில் பட்டியலாகவும் பயன்படுத்தினால் அது மாறி மாறி உருவம் எடுத்து நேரத்தைத் தின்னும்.

பேரெண்:

நான் சந்தித்தது வேறு வகை. எண்களின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பிரம்மாண்டம். பல லட்சம் இலக்கம் கொண்ட தொடர்பெருக்கங்கள். கணக்கிடுவதைவிட அச்சிடுவதற்கு அதிக நேரம் எடுக்கிறது.

கரிசல்:

அங்கே மட்டும் இலக்கக் கணக்கே உண்மையான குற்றவாளி. சாதாரண வழி இருபடி நேரம் எடுக்கும்: இலக்கம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. பெரிய எண்ணைக் கொடுத்துச் சேவையகத்தை முடக்கிவிட முடியும் என்பதால்தான் 2022-இல் பைத்தான் 4300 இலக்க வரம்பு வைத்தது. அதைத் தாண்டினால் பிழை காட்டும், வேண்டுமென்றால் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம்.

தப்பிக்கும் வழி பகுத்துப் பிரிப்பது. எண்ணை, அதன் இலக்கங்களில் பாதியளவு வரும் பத்தின் அடுக்கால் வகுத்தால் ஈவு மேல்பாதி, மீதி கீழ்பாதி. இரண்டையும் தனித்தனியே அதேபோல் பிரித்துக்கொண்டே போக வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் வேகமான முறையில் நடந்தால் மொத்த நேரம் இருபடிக்குக் கீழே இறங்கிவிடும். பெரிய எண்களுக்கான ஜிஎம்பி லைப்ரரி இப்படித்தான் செய்கிறது; பைத்தான் 3.12-இலும் மிகப் பெரிய எண்களுக்கு இத்தகைய வழி சேர்ந்திருக்கிறது. கீழ்பாதியைச் சரமாக்கும்போது முன்சுழியங்களை நிரப்ப மறக்காதீர்கள். அடிமானம் மேலே சொன்ன 3.7 பள்ளம் இங்கேயும் காத்திருக்கிறது. மனிதர் வாசிக்கப் போவதில்லை என்றால் பதினாறடிமானத்தில் எழுதிவிடுங்கள். இரண்டின் அடுக்கான அடிமானத்துக்கு வகுத்தலே வேண்டாம். நான்கு நான்கு பிட்டுகளாக வாசித்துக்கொண்டு போனால் போதும்.

நெடுவழி:

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்தேன். அதிகம் கொடுத்தது 4096 சரப் பட்டியல். அடுத்து டூலிஸ்ட்டும் ரவுண்டை நீக்கியதும். மூன்றாவது இடம், நான் எதிர்பார்க்கவே இல்லை, நேரக்குறியை நொடிக்கு ஒரு முறை மட்டும் வடிவமைத்தது. வரிகளைத் தொகுத்து எழுதியதில் கொஞ்சம்தான் கிடைத்தது. கோப்புக்கு ஏற்கெனவே பஃபர் இருக்கிறது அல்லவா, அதனால் இருக்கலாம். காத்திருக்கும் அளவுக்கு இப்போது நேரம் எடுப்பதில்லை.

தரவுக்காவல் சொன்னதற்கும் இடம் கொடுத்திருக்கிறேன்: கணக்கிட்ட மூன்றில் இரண்டை 9 முக்கிய இலக்கத்தில் எழுதுகிறேன். மூன்றாவது பூச்சியத்தை ஒட்டியே ஆடும் வித்தியாச மதிப்பு. அதை வாசிக்கும் கருவி மூன்று தசம இடம்தான் ஏற்கும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

தரவுக்காவல்:

நன்றி. ஒரு வேண்டுகோள்: பழைய கோப்பையும் புதிய கோப்பையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடாமல், திரும்ப வாசித்து எண்ணாக ஒப்பிடுங்கள். 9 இலக்க நெடுவரிசைகளை நினைவகத்திலிருக்கும் மூல அணியோடு பிட் அளவில் ஒப்பிட வேண்டும்; ஒற்றைத் துல்லியமாக வாசித்தால் ஒரு மதிப்பும் மாறியிருக்கக் கூடாது. எண்-அல்ல என்ற மதிப்பு தனக்குத்தானே சமம் ஆகாது என்பதால் அதைத் தனியே பாருங்கள்.

நெடுவழி:

ஒப்பிட்டேன். 9 இலக்க நெடுவரிசைகளில் ஒரு வேறுபாடும் இல்லை. மூன்று இட நெடுவரிசையில் மட்டும் சில இடங்களில் -0.000 என்று வருகிறது. வாசிக்கும் கருவி அதைப் பிழை என்று தள்ளுகிறது. பழைய கோப்பில் இந்த இடங்களில் -0.0 என்று இருந்ததை அது ஏற்றுக்கொண்டது.

அடிமானம்:

-0.0001 போன்ற சின்ன எதிர்மறை எண்கள் மூன்று இடத்துக்கு முழுமையாகும்போது குறி மட்டும் மிஞ்சுகிறது. பைத்தான் 3.11 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் வடிவக் குறியில் இசட் எழுத்தைச் சேர்க்கலாம். எதிர்மறைச் சுழியத்தைச் சாதாரணச் சுழியமாக்கிவிடும். ஆனால் அது ஃபார்மட் வகைக் குறிகளில் மட்டும். சதவீதக் குறியில் எழுதும் பழைய வடிவத்தில் கிடையாது. வரி வார்ப்பை எஃப்-சரத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய பதிப்பு என்றால், வடிவமைக்கும் முன் அந்த நெடுவரிசையை மட்டும் நம்பையிலேயே சரிசெய்யுங்கள்: தனிமதிப்பு 0.0005-க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடுங்கள். அணி முழுவதற்கும் ஒரே கட்டளை, லூப்பில் ஒரு செலவும் இல்லை. 0.0-ஐக் கூட்டினால் குறி போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது ஏற்கெனவே சுழியமாக இருக்கும் எண்ணுக்குத்தான் பலிக்கும், -0.0001-க்குப் பலிக்காது.

நெடுவழி:

பதிப்பு 3.9. நம்பையில் சரிசெய்துவிட்டேன். கருவி முழுக் கோப்பையும் ஏற்றுக்கொண்டது.